ஆயர்கள் ஏன் இப்படிச் சுயநலமாக இருக்கிறார்கள்? காணிக்கையை நிறுத்திவிடலாமா?

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய சபையில் ஆலயக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது, போதகர் புதுக் கார் வாங்கியிருக்கிறார், கணக்கு கேட்ட ஒருவரை அடுத்த ஞாயிறே பிரசங்கத்தில் வைத்து "அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்று விளாசிவிட்டாராம். மதத் தலைவர்கள் எல்லாரும் இப்படித்தானா, பைபிள் இதைப் பற்றி என்ன சொல்கிறது, காணிக்கை கொடுப்பதை நிறுத்திவிடலாமா என்று மூன்று கேள்வி.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை. தரங்கம்பாடிக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சபையில் ஒன்பது வருஷம் பொருளாளராக இருந்த பள்ளிக்கூட வாத்தியார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பைபிளும் ரசீதுப் புத்தகமும்தான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் பைபிள் மென்று முழுங்கவே இல்லை தம்பி. மதத் தலைவர்களைத் திட்ட நாத்திகர் யாரும் வரவேண்டியதில்லை, அந்த வேலையை எசேக்கியேல் தீர்க்கதரிசி இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டார், அவரே ஆசாரியக் குடும்பத்துக்காரர், அதாவது பலி செலுத்துகிற குருமார் வம்சம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 34ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். "தங்களையே மேய்க்கிற இஸ்ரவேலின் மேய்ப்பருக்கு ஐயோ!" என்றுதான் தொடங்குகிறது. நிணத்தைத் தின்கிறீர்கள், ஆட்டு மயிரை உடுத்துகிறீர்கள், கொழுத்ததை அடிக்கிறீர்கள், மந்தையை மட்டும் மேய்க்கமாட்டேன் என்கிறீர்கள், நோய்கண்டதைப் பார்க்கவில்லை, எலும்பு முறிந்ததற்குக் கட்டுப் போடவில்லை, காணாமல்போனதைத் தேடவில்லை. மேய்ப்பர் என்று அவர் முதலில் சொல்வது ராஜாக்களையும் ஆளுகிறவர்களையும்தான். ஆனால் சபை ஆதிகாலத்திலிருந்தே அதைக் குருமாருக்கும் வைத்துத்தான் வாசித்து வருகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் என்ற ஆயர் இந்த ஒரு அதிகாரத்தையே எடுத்துக்கொண்டு, தன்னையும் உள்ளே வைத்து, நீளமாகப் பிரசங்கம் செய்திருக்கிறார்.

ஆனால் அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே போனால் இன்னொன்று இருக்கிறது. அதை எந்தச் சபைக் கமிட்டிக்காரரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை, நானும் அந்தக் காலத்தில் காட்டியதில்லை. 17ஆம் வசனத்திலிருந்து பேச்சு மேய்ப்பரை விட்டுவிட்டு ஆடுகளிடம் திரும்புகிறது, அதாவது கொழுத்த ஆடுகளிடம். நல்ல மேய்ச்சலை மேய்ந்தீர்கள், போதாதென்று மீதியைக் காலால் மிதித்தீர்கள், தெளிந்த தண்ணீரைக் குடித்தீர்கள், மீதியைக் காலால் குழப்பிவிட்டீர்கள், மற்ற ஆடுகள் அந்தக் குழம்பினதைத்தானே குடிக்க வேண்டியிருக்கிறது என்கிறார்.

நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும், கல்லணையில் பூப்போட்டு அமைச்சர்கள் கும்பிட்டாலும், கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் எப்போது, எவ்வளவு, எந்த நிறத்தில் வரும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் மேலே மதகை ஒட்டி வயல் வைத்திருப்பவர்கள். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கரைச் சரிக்கட்டி முறைக்கு மேல் இரண்டு நாள் பாய்ச்சிக்கொள்வது ஒரு தப்பு. பாய்ச்சின பிறகு வாய்க்காலிலேயே மாட்டை இறக்கி, டிராக்டரைக் கழுவி, கரையையும் உடைத்துவிட்டுப் போவது இன்னொரு தப்பு. முதல் தப்பால் தண்ணீர் குறையும், அவ்வளவுதான். இரண்டாவது தப்பால், வந்து சேருகிற கொஞ்சமும் வாயில் வைக்க முடியாததாகிவிடும். சுயநலத் தலைவர்கள் என்றால் நாம் எல்லாரும் முதல் தப்பையே பேசுகிறோம், எத்தனை லட்சம், என்ன கார், எங்கே மனை என்று. எசேக்கியேலுக்கு இரண்டாவதுதான் அதிகமாக வலித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தப் பதிலுக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகை என்றால் சம்பா அறுவடை முடிந்த கையோடு வரும். பீடத்துக்கு முன்னால் பூசணி, வாழைத்தார், தேங்காய்க் குலை, கால் கட்டின சேவல், ஓலைப்பெட்டியில் முட்டை. ஆராதனை முடிந்ததும் வெளியே புளியமரத்தடியில் ஏலம். ஒரு முட்டையை இருநூறு ரூபாய்க்கு எடுத்துத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார்கள், மறுபடி நூறுக்குப் போகும், அது ஒரு குதூகலம். நெல்லை மட்டும் அவரவர் கொண்டுவந்ததை ஒரு படுதாவில் கொட்டிக் குவிப்போம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு அம்மா, விதவை, அறுப்புக்கூலியாகக் கிடைத்த நெல்லில் ஒரு மரக்கால் வருஷா வருஷம் மஞ்சள் பையில் கொண்டுவந்து, குவியலில் கொட்டிவிட்டு, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டுப் போவார். உள்ளே ஒரு மணி ஒட்டியிருக்கக் கூடாது என்று அப்படி.

ஒரு வருஷம், அப்போது இருந்த ஐயர், போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஏலத்துக்கு முன்னாலேயே என்னைக் கூப்பிட்டார். "நல்ல நெல்லா நாலு மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க சார், ஏலத்துல விட்டா எவனாவது அடிமாட்டு விலைக்கு எடுத்துட்டுப் போயிடுவான்" என்றார். சாக்கு பிடித்துக் கொடுத்தது நான். டிராக்டர் சொன்னது நான். ஏலக் கணக்கில் அந்த நாலு மூட்டை வரவே இல்லாத மாதிரி எழுதினதும் நான்தான். மாலையில் என் வீட்டுக்கு ஒரு வாழைத்தார் வந்தது, பூவன், நல்ல தார். வாங்கிக்கொண்டேன். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று ஊரில் சொல்வார்களே, அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வருஷப் பண்டிகைக்கு வந்தார், கையில் பை இல்லை. "என்னம்மா, நெல்லு கொண்டாரலையா?" என்று நான்தான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "எங்க வூட்டுக் கோழிக்கே பத்தல சார்" என்றார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

1 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தை அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காக வாசித்தேன். ஏலியின் பிள்ளைகள், ஆசாரியர்கள். ஜனங்கள் பலி செலுத்த வந்தால், இறைச்சி வேகும்போதே வேலைக்காரன் மூன்று கூர் உள்ள ஆயுதத்தோடு வந்து கொப்பரையில் குத்துவான், குத்தினதில் வந்ததெல்லாம் ஆசாரியனுக்கு. அதுவும் போதாமல், கொழுப்பைத் தகனிக்கிறதற்கு முன்னாலேயே, அதாவது கடவுளுக்கு உரியதைக் கொடுப்பதற்கு முன்னாலேயே, பச்சையாகக் கொடு என்று கேட்பான், கொடுக்காவிட்டால் பலவந்தமாக எடுப்பேன் என்பான். எங்கள் நாலு மூட்டையும் ஏலத்துக்கு முன்னால்தானே போயிற்று. அந்தப் பகுதியின் தீர்ப்பு இப்படி முடிகிறது: "மனுஷர் கர்த்தரின் காணிக்கையை வெறுப்பாய் எண்ணினார்கள்." எத்தனை ராத்தல் இறைச்சி போயிற்று என்று வேதத்தில் கணக்கு இல்லை. பையை உதறிக் கொட்டிக்கொண்டிருந்த மனசு போயிற்றே, அந்த நஷ்டம் மட்டும் எழுதியிருக்கிறது. ஏலி தன் பங்குக்குப் பிள்ளைகளைக் கண்டித்துத்தான் பேசினார், பேசினதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கும் அவருக்குத் தண்டனை உண்டு. கமிட்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அதையும் ஒருமுறை வாசிக்கலாம்.

இனி அந்த "அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள்", அதாவது கடவுள் தெரிந்தெடுத்தவர்கள் என்ற வசனம். அது சங்கீதம் 105, 15ஆம் வசனம். ஆறு வசனம் முன்னால் போய் வாசித்தாலே போதும், யாரைப் பற்றின பேச்சு என்று தெரிந்துவிடும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, ஒரு கைப்பிடி ஜனம், சொந்த நிலம் இல்லாமல் நாடு நாடாய்த் திரிந்த பரதேசிகள். அவர்கள்மேல் கை வைக்காதே என்று கடவுள் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். அதிகாரம் இல்லாதவர்களை அதிகாரம் உள்ளவர்களிடமிருந்து காப்பாற்றச் சொன்ன வசனம் அது. அதை எடுத்து மைக் பிடித்திருக்கிற ஒருவர், மைக் இல்லாத ஒருவரின் வாயை அடைப்பது என்றால், என்ன துணிச்சல்! அபிஷேகம் பெற்ற ராஜா என்று சவுலைத் தாவீது கொல்லவில்லை, உண்மை, ஆனால் குகைக்கு வெளியே நின்று எல்லார் காதிலும் விழும்படி நீர் செய்வது அநியாயம் என்று கேட்டார். அபிஷேகம் பெற்ற அதே தாவீதின் முகத்துக்கு நேரே நாத்தான் தீர்க்கதரிசி "நீயே அந்த மனுஷன்" என்றார். பேதுருவை, அதாவது அப்போஸ்தலரில் முதல் வரிசையில் நின்றவரை, அந்தியோகியாவில் எல்லார் முன்னாலும் பவுல் எதிர்த்துப் பேசியிருக்கிறார், அதைத் தானே கலாத்தியருக்கு எழுதியும் வைத்திருக்கிறார். பைபிளில் கணக்கு கேட்பது துரோகம் இல்லை தம்பி, தாராளமாகக் கேளுங்கள்.

பைபிளில் வருகிற ஏழை விதவையின் இரண்டு காசையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் கட்டட நிதி வசூல் என்றால் எங்கள் பக்கம் முதலில் மேடைக்கு வருவது அந்த விதவையின் கதைதான். மாற்கு 12ஐ எடுத்து, அதற்கு முந்தின வசனங்களோடு சேர்த்து வாசியுங்கள். நீண்ட அங்கி, சந்தையில் வணக்கம், விருந்தில் முதல் இடம் இதையெல்லாம் விரும்புகிற வேதபாரகர்கள், அதாவது வேதம் கற்பிக்கிறவர்கள், "விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறார்கள்" என்று இயேசு எச்சரிக்கிறார். அடுத்த காட்சியே ஒரு விதவை தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் பெட்டியில் போடுகிறார். அதற்கடுத்து, அந்த ஆலயத்தில் கல்லின்மேல் கல் இராது என்கிறார். மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்தால் அந்த இரண்டு காசைப் பார்த்து அவர் மெச்சினது மட்டும்தான் தெரிகிறதா, அவர் வயிறெரிந்ததும் தெரிகிறதா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு இரண்டும் தெரிகிறது.

"எல்லாரும் இப்படித்தானா" என்ற கேள்விக்கு, நம்ம மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்க் என்ற ஜெர்மன் மிஷனரி, இரண்டரை வருஷத்துக்குள் டேனிஷ்காரர்களின் கோட்டையிலேயே கைதியானார். கவர்னரோடு இருந்த தகராறில் ஒரு விதவைக்கு வரவேண்டிய கடன் பணத்துக்காக அவர் பரிந்து பேசினதும் சேர்ந்துகொண்டது. சுமார் நாலு மாசம் உள்ளே இருந்தார். விதவையின் வீட்டை விழுங்குவது ஒரு வகை ஊழியம், விதவைக்காக உள்ளே போவது இன்னொரு வகை ஊழியம், அந்த இரண்டாவது வகை கடற்கரைக் கோட்டையில் நடந்தது, இப்போது நாம் மாலையில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே பார்க்கிற அதே கோட்டை.

தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மன் மிஷனரி, 1750இல் இந்தியாவுக்கு வந்தவர், 1798இல் இறக்கும்வரை நாற்பத்தெட்டு வருஷம் ஊருக்குத் திரும்பவே இல்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஹைதர் அலி படை எடுத்துவந்து சோழநாடே பஞ்சத்தில் கிடந்தபோது தஞ்சைக் கோட்டைக்குள் அரிசி இல்லை. சுற்றுக் கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் கொண்டுவர மாடும் இல்லை, கொடுக்க ஆளும் இல்லை. ராஜா கேட்டால் கொடுக்கமாட்டார்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள், ஏனென்றால் இரண்டு பேரும் முன்னால் வாங்கினதற்குக் காசு கொடுத்ததில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் பேரைச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போம் என்று ராஜாவே முடிவு செய்தார். சுவார்ட்ஸ் தன் பொறுப்பில் விலை தருகிறேன் என்று ஆள் அனுப்பினார், மாடும் வந்தது, நெல்லும் வந்தது, சொன்னபடி எல்லாருக்கும் காசும் போய்ச் சேர்ந்தது. நெல் கொடுத்த குடியானவர்களில் பெரும்பாலோர் அவருடைய மதத்துக்காரர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். சரபோஜி மன்னர் லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்து வரவழைத்த சலவைக்கல் சிற்பம் இன்றும் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இருக்கிறது, சாகக் கிடக்கிற சுவார்ட்ஸின் கையை ராஜா பிடித்திருப்பார். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் நான் அந்தப் பஞ்சத்துக் கதையைத்தான் சொல்வேன்.

(அவர்கள் எல்லாரும் அப்பழுக்கில்லாதவர்கள் என்று சொல்லவில்லை. அதே தஞ்சைச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்காரவைத்து ஆராதனை நடந்தது, அதற்கு நெடுநாள் யாரும் முடிவுகட்டவில்லை. தன் சாதியின் முன்வரிசையைக் காப்பாற்றிக்கொள்வதும் சுயநலம்தான், அதில் காசு கைமாறுவதில்லை என்பதால் நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.)

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் என்பவர் 1514இல் மைன்ஸ் நகரத்துப் பேராயர் பதவிக்கு வந்தார். ஏற்கெனவே வேறு பதவி இருந்ததால் ரோமுக்குப் பெரிய தொகை கட்டவேண்டியிருந்தது, ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். கடனை அடைக்க ஏழை ஜனங்களிடம் பாவமன்னிப்புச் சீட்டு விற்கும் ஏற்பாடு, வசூலில் பாதி கடன்காரனுக்கு. 1517இல் மார்ட்டின் லூத்தர் ரோமச் சபையை எதிர்த்துக் கிளம்பினதற்கு உடனடிக் காரணம் அந்த விற்பனைதான். செலவு செய்து பதவிக்கு வந்தவன் முதலில் போட்ட முதலை எடுப்பான், அப்புறம்தான் மற்றதெல்லாம். நம்ம திருச்சபைத் தேர்தல்களில் பஸ் வைத்து ஆள் ஏற்றிப் பிரியாணி போடும்போது அந்தச் செலவு எங்கே போய் முடியும் என்று யோசிக்காமல் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

எரேமியா 5இன் கடைசி வசனத்தைப் பாருங்கள்: தீர்க்கதரிசிகள் பொய் சொல்லுகிறார்கள், ஆசாரியர்கள் ஆளுகிறார்கள், "இப்படியிருப்பது என் ஜனத்துக்குப் பிரியமாயிருக்கிறது." பள்ளியில் வேலை வாங்கித் தருவார், கல்லூரியில் சீட் வாங்கித் தருவார், கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து ஜெபிப்பார், அதனால் அவர் எதைத் தின்றாலும் நமக்குச் சம்மதம். கொழுத்த ஆடு என்று எசேக்கியேல் சொன்னது இதைத்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். போரடிக்கிற மாட்டை வாய் கட்டாதே என்று மோசே சொன்னதை ஊழியக்காரருக்கு வைத்துத்தான் பவுல் பேசுகிறார். அறுவடை மெஷின் வந்த பிறகு பிள்ளைகளுக்குப் போரடிப்பது என்றால் சலிப்பு என்பது மட்டும்தான் தெரிகிறது. களத்தில் மாடு சுற்றிவரும்போது குனிந்து இரண்டு வாய் வைக்கோலும் நெல்லுமாக இழுக்கும், யாரும் அடிக்கமாட்டார்கள், அது அதன் பங்கு. மாசக் கடைசியில் மளிகைக் கடன் சொல்லிக்கொண்டு, எட்டு கிராமத்துக்கு டிவிஎஸ்ஸில் அலைகிற உபதேசியார்களை, அதாவது கிராமச் சபைகளைப் பார்த்துக்கொள்ளும் சின்ன ஊழியக்காரர்களை, எனக்குத் தெரியும், சுனாமி வந்த அந்த 2004 டிசம்பரில் நாகப்பட்டினம் கரையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நாள்கணக்கில் பிணம் தூக்கின குருமாரையும் தெரியும். ஆகவே தம்பி, கார் வாங்கினதே பாவம் என்று தொடங்காதீர்கள். எத்தனை ஊருக்குப் போகிறார், யார் காசு, யார் பெயரில் பதிவு என்று கேளுங்கள். களத்தில் மாடு தின்னலாம், நெற்போரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

காணிக்கையை நிறுத்தலாமா என்றால், என் அபிப்பிராயம், உடனே வேண்டாம். நிறுத்தினால் முதலில் நிற்பது போதகர் வீட்டுப் பெட்ரோல் இல்லை, ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளையின் சம்பளமும் விதவை உதவித்தொகையும்தான், கடைமடைதான் முதலில் காயும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், அதிலிருந்து தொடங்குங்கள். எந்தக் காரியத்துக்கு என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள், கூரைக்கு என்றால் கூரைக்கு. எருசலேம் ஏழைகளுக்காக வசூலித்த பணத்தைப் பவுலே தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் நம்மைக் குற்றம் சொல்லாதபடிக்கு என்று சொல்லி, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் சேர்த்து அனுப்பினார், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்கவேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார். "கர்த்தருக்குத் தெரியும்" என்று யாராவது கணக்கை மூடினால் இந்த வசனத்தைக் காட்டுங்கள். அகுஸ்தீன்கூட, தன்னோடு சொத்தில்லாமல் வாழ்வதாகச் சொன்ன ஒரு குரு சாகும்போது உயில் எழுதி வைத்திருந்தது தெரிந்தவுடன், அந்தப் பணம் ஆலயத்துக்கே எழுதப்பட்டிருந்தும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தன் வீட்டுக் குருமார் ஒவ்வொருவருக்கும் என்ன இருக்கிறது என்று விசாரித்து ஜனங்கள் முன்னால் ஒப்பித்தார்.

கத்தோலிக்கப் பங்குச் சபையாக இருந்தால் உங்கள் வேலை சுலபம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 537 சொல்கிறது, விசுவாசிகள் கொடுத்ததற்கு விசுவாசிகளிடம் கணக்கு சொல்லவேண்டும் என்று 1287 சொல்கிறது. எண்ணைச் சொல்லிக் கேட்டாலே பாதி வேலை முடியும். சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையிலும் லூத்தரன் சபைகளிலும் வருஷாந்தரப் பொதுக்கூட்டம் உண்டு, தணிக்கை உண்டு, யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை. எந்தத் திருச்சபையிலும் சேராத தனிச் சபைகளில்தான் சிக்கல். மனையின் பத்திரம் யார் பெயரில், டிரஸ்ட் என்றால் அதில் மனைவி, மச்சான், மகனைத் தவிர வெளியாள் எவராவது உண்டா என்று பாருங்கள். இல்லை என்றால் அது சபை இல்லை, குடும்பச் சொத்து, அங்கே தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் தெருக்கோடியில் இருக்கிற விதவைக்கு நேராகக் கொடுத்துவிடுவேன்.

கேட்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். மூப்பன்மேல், அதாவது சபைத் தலைவர்மேல், ஒருவன் சொல்லும் பிராதை இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்காதே என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது, அது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், போன பிறகும் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு அவர் களைத்திருப்பார். வார நாளில் சாயங்காலம், அவருடைய பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், பிள்ளைகள் காதில் அது விழவேண்டாம்.